கல்லில் பேர், செக்றோலில் அரைப்பேர்

ஹட்டனில் பஸ் ஏறி, டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் என்று ஒரு பழைய அங்கிலிக்கன் சேர்ச் இருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களில் பலர் ஒருநாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. அது துரைமாரின் கோவில், நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு.

எங்களில் ஒருத்தி புகைப்படக் கலையைப் பற்றி எதையோ தேடப்போய், உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படக்காரியின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது என்று படித்துவிட்டு வந்தாள். யாரும் நம்பவில்லை. "நம்ம பொகவந்தலாவையா?" என்று இரண்டு தரம் கேட்டோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் கிளம்பினோம். கல்லறையைப் பார்த்தோம். போட்டோ எடுத்தோம். ஆனால் திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொண்டு வந்தது அந்தப் புகைப்படக்காரியைப் பற்றி அல்ல. எங்கள் பாட்டன் பூட்டனெல்லாம் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதைப் பற்றி. ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தன் பூட்டனின் குழி எதுவென்று தெரியவில்லை. அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் இந்தக் கட்டுரை.

சட்டம் எழுதியவரும் படம் எடுத்தவரும்

அந்தப் புகைப்படக்காரியின் பெயர் ஜூலியா மார்கரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் முதல் கமரா கைக்கு வந்தது, அதுவும் மகள் கொடுத்த பரிசாக. அடுத்த சில வருடங்களில் இங்கிலாந்தின் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். விஞ்ஞானி டார்வின், கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹேர்ஷல் என்று நீளும் பட்டியல் அது. இன்று புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

அப்படிப்பட்டவர் ஏன் இங்கே வந்தார்? கணவருக்காக. கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஓ.எல். வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன்தான். 1830இல் இலங்கைக்கு வந்து, நாட்டின் நீதி முறையை எப்படி மாற்றலாம் என்று அறிக்கை எழுதியவர். அந்த ஆணைக்குழுவின் காலத்தில்தான், 1832இல், இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. 1833இல் புதிய நீதி ஏற்பாடுகள் வந்தன. காணியையும் உழைப்பையும் காசு கொடுத்து வாங்கலாம் என்ற நிலைமை மலைநாட்டுக்கு வந்தது. அதற்குப் பின்னால் வந்த கோப்பி அலையை எல்லோருக்கும் தெரியும். காடு வெட்டிக் கோப்பி போட ஆள் தேவைப்பட்டது. கண்டிக் கிராமத்துச் சனங்கள் தங்கள் வயலை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வருடம் முழுக்க நிற்கத் தயாராக இல்லை. அப்போதுதான் துரைமாரின் பார்வை தென்னிந்தியாவின் பக்கம் திரும்பியது.

கமரனும் பிறகு இலங்கையில் பெரிய அளவில் காணி வாங்கினார். வயதான காலத்தில், 1875இல், மனைவியோடு இங்கேயே வந்து சேர்ந்தார். மகன்மாரும் இங்கேதான் இருந்தார்கள். நான்கு வருடங்களில், 1879 ஜனவரி 26இல், ஜூலியா மலைநாட்டில் மகனின் தோட்டத்தில் இறந்தார். அவர் பெட்டியை வெள்ளை மாடு பூட்டிய வண்டியில் கொண்டு வந்தார்கள் என்று சொல்லுவார்கள். அடுத்த வருடம் சார்ள்ஸ் கமரனும் இறந்துபோனார். இரண்டு பேரும் பொகவந்தலாவை சேர்ச் வளவில்தான் இருக்கிறார்கள்.

ஆக, நம்ம ஊர் மண்ணில் இரண்டு முக்கியமான ஆட்கள் கிடக்கிறார்கள். நம்மை இங்கே கொண்டு வந்து சேர்த்த மாற்றங்களுக்கு வழிவிட்ட ஆணைக்குழுவில் இருந்தவர் ஒருவர். நம்மைப் போன்றவர்களைப் படம் எடுத்தவர் மற்றவர்.

ஆமாம், ஜூலியா இங்கேயும் படம் எடுத்தார். களுத்துறையில் மகனோடு இருந்த நாட்களில் அக்கம்பக்கத்துக் கிராமத்தவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கமராவுக்கு முன்னால் நிறுத்தினார். இன்று எஞ்சியிருக்கும் இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவு. அவற்றை இணையத்தில் பார்க்கலாம். முகங்கள் நம் வீட்டு முகங்கள் போலவே இருக்கும். ஆனால் படத்துக்குக் கீழே பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இளம்பெண், இலங்கை. விவசாயிகள், களுத்துறை. அந்த மாதிரித்தான்.

அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வினுக்கும் டெனிசனுக்கும் மட்டுமா பெயர் இருக்கிறது? அவர் வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண்ணை மாதாவாக உடுப்புப் போட்டு நிறுத்தி நிறையப் படங்கள் எடுத்தார். அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர்கூட இன்று வரைக்கும் தெரிகிறது. கடல் தாண்டி இங்கே வந்ததும் பெயர் கேட்கும் பழக்கம் நின்றுபோய்விட்டது.

மரியான் நோர்த் என்ற ஓவியர் 1870களில் களுத்துறைக்கு வந்து கமரன் வீட்டில் தங்கியிருந்தார். பிறகு எழுதிய தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஓர் ஆளின் முதுகு மிக அழகாக இருக்கிறது என்று ஜூலியாவுக்குப் பிடித்துப்போய், அந்த ஆளைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் அடம்பிடித்தாராம். அவர்களுக்கோ தோட்டமே இல்லை. அந்த ஆளுக்கோ தோட்டக்காரன் என்றால் என்னவென்றே தெரியாது. படிக்கும்போது சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதுகின் அழகு வரலாற்றில் பதிந்துவிட்டது. அந்த முதுகுக்குரியவரின் பெயர் பதியவில்லை.

கல் என்ன சொல்லும்?

பழைய கல்லறைக் கல்லை வாசிப்பது ஒரு தனி வேலை. பாசி பிடித்திருக்கும், எழுத்து தேய்ந்திருக்கும். நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ சாயந்தரமோ வெயில் சரிவாக விழும் நேரத்தில் போக வேண்டும். மழைக்கோட்டு இருட்டு என்றால் போன் டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துக் குழிகளில் நிழல் விழுந்து வரிகள் எழும்பி வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. நூறு வருட மழையில் அழியாத எழுத்து ஒரே நாளில் போய்விடும்.

இப்படி வாசித்தால் கல் நிறையச் சொல்லும். ஆளின் பெயர், எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தோட்டம், எத்தனை வயது, சில கல்லில் எப்படிச் செத்தார், யார் அந்தக் கல்லை நாட்டினார்கள். வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மனது கனக்கும். மலைநாட்டின் பழைய வெள்ளைக்கார மயானங்களில் இருபது முப்பது வயதுக்காரர்களும் கைக்குழந்தைகளும்தான் அதிகம். கண்டியில் இருக்கும் கரிசன் மயானத்துக்குப் போனால் மலேரியா, கொலரா என்று வரிசையாகப் பார்க்கலாம். யானை மிதித்துச் செத்தவரும் உண்டு. பெற்ற ஊரை விட்டு ஆறாயிரம் மைல் தாண்டி வந்து காய்ச்சலில் செத்த ஒரு பையனின் கல்லைப் பார்க்கும்போது, அவன் துரையாக இருந்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை.

சில கல்லுக்கு ஊர்க்கதைகளும் உண்டு. நுவரெலியாவில் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். செத்த பிறகும் அவர் கல்லறையிலேயே இடி விழுந்து கல் வெடித்தது என்பார்கள், யானைகளின் சாபம் என்று. இலங்கையில் முதன்முதலாகத் தேயிலையை வியாபாரத்துக்குப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் 1892இல் லூல்கந்துர தோட்டத்தில் இறந்தபோது, உடலைக் கண்டிக்குக் கொண்டு போகத் தொழிலாளர்கள் இருபத்துநான்கு பேர் பன்னிரண்டு பன்னிரண்டாக மாறி மாறித் தோள் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். "சாமி துரை" என்று அவரைக் கூப்பிட்டார்களாம். டெயிலரின் கல்லறை கண்டி மஹய்யாவை மயானத்தில் இன்றும் இருக்கிறது. இருபத்துநான்கு தோள்களின் எண்ணிக்கை இருக்கிறது. இருபத்துநான்கு பெயர்கள் இல்லை.

இந்தக் கல்லெல்லாம் தானாக வரலாறு ஆகிவிடவில்லை. அதற்கும் ஒருவர் உழைத்தார். ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கை முழுக்க இருந்த கல்லறை வாசகங்களைத் தேடிச் சேர்த்து, 1913இல் கொழும்பில் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொரு கல்லிலும் எழுதியிருப்பதைக் கொடுத்து, அந்த ஆள் யார், என்ன வேலை பார்த்தார், யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் குறிப்பும் எழுதியிருக்கிறார். அதைவிட ஒரு வேலையும் செய்தார். கல்லே இல்லாமல் செத்துப்போனவர்களுக்கு என்று தனியாக ஒரு பகுதி வைத்தார். புத்தகத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது: நினைவுக்கல் இல்லாத ஆட்களின் மரணக் குறிப்பு.

இதைக் கேள்விப்பட்டதும் எங்களுக்கு ஒரு நப்பாசை வந்தது. கல் இல்லாதவர்கள் என்றால் நம்ம ஆட்கள்தானே? இல்லை. அந்தப் பட்டியலும் ஐரோப்பியர்களைப் பற்றியதுதான். கல் இல்லாத துரைக்கும் ஒரு பந்தி கிடைத்தது. நம் ஆட்கள் கல் இல்லாதவர்களின் பட்டியலில்கூட இல்லை.

நம்ம ஆட்கள் எங்கே?

கோப்பிக் காலத்தில் செத்தவர்களுக்கு மயானமே கிடையாது. பாதைதான் மயானம்.

இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வர வேண்டும். தண்ணீர் கிடையாது, கொலரா, அம்மை, காய்ச்சல். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் இப்படி வந்தவர்களில் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்தக் கணக்குச் சரியா, கூடவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பாதியாக வெட்டினாலும் அது எவ்வளவு பெரிய எண்! 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர் செத்ததையும் நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவர்களுக்குக் கடல்தான் குழி.

2023 ஜூலை, ஓகஸ்டில் மலையகத்தின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் நடந்தது ஞாபகம் இருக்கும். அந்த நடை போன பாதை முழுக்க ஒரு மயானம். கல்தான் இல்லை.

தோட்டத்துக்குள் மயானம் என்று ஒன்று வந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இது ஏன் என்று யோசித்தால் ஒரு பெரிய விஷயம் பிடிபடும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை. வந்தவர்களில் பெரும்பான்மை ஆண்கள். பருவம் முடிந்தால் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயத்தில் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இங்கேயே செத்தார்கள். ஊருக்குப் போய்ச் சாகலாம் என்று நினைத்தவர்களும் இங்கேதான் செத்தார்கள்.

தங்கிய சனத்துக்குத்தான் மயானம் வேண்டும். வந்துபோகிற ஆளுக்கு மயானம் எதற்கு? ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிற அந்தப் புதைகாடு, நாங்கள் தங்கிவிட்டோம் என்பதற்கு முதல் சாட்சி. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் பெரும்பாலும் புதைப்பதுதான் வழக்கம். தப்புச் சத்தத்தோடு பாடை தேயிலை மலைக்கு நடுவே போகும். குழி வெட்டுகிறவர்கள் முதலிலேயே போய்விடுவார்கள். மண்ணை மூடி, தலைமாட்டில் கையில் அகப்பட்ட ஒரு கல்லை வைப்பார்கள். பூச்செடி ஒன்று நடுவார்கள். கருமாதி வரைக்கும் குடும்பத்துக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஒரு தலைமுறை வரைக்கும் ஒருவாறு தெரியும். பிறகு மழை, மண்சரிவு, புல், பக்கத்துக் குழி. இடமில்லாமல் பழைய குழிக்கு மேலேயே புதுக் குழி. சில இடங்களில் பழைய புதைகாட்டின் மேல் தேயிலையே ஏறிவிட்டது. எங்களில் ஒருவரின் அப்பாயி ஒரு தேயிலை மலையைக் காட்டி, "அந்தக் கவ்வாத்து மலைக்குள்ளதான்டா எங்க மாமியார்" என்பார். எந்தத் தூர் என்று கேட்டால் கையை விரிப்பார்.

மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழுக்குக் கொண்டு வந்த 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற கவிதையில் இந்த வலிதான் இருக்கிறது. தேயிலைக்கு அடியில் கிடக்கும் முன்னோருக்கு ஒரு கல்லறை இல்லையே என்ற கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். பாடசாலையில் படித்தபோது அது எங்களுக்கு வெறும் கவிதையாக இருந்தது. சென் மேரிஸ் வளவிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது ஒரு தகவல் என்று விளங்கியது.

பேர் போடுவது

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு எனக்குப் பேர் விழல" என்று ஓர் அம்மா சொன்னால், அன்றைக்கு அவருக்குச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். காரணம், செக்றோலில் பெயருக்கு நேரே அடையாளம் விழுந்தால்தான் காசு.

துரையின் பெயர் கல்லில் இருந்தது, சேர்ச் பதிவில் இருந்தது, பென்றி லூயிசின் புத்தகத்தில் இருந்தது. நம் ஆளின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் செக்றோல். அதையும் எழுதியவர்கள் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான். அவர்கள் காதில் விழுந்த மாதிரி எழுதினார்கள். பதிவுத்தாள்களில் நம் பெயர்கள் எப்படிச் சிதைந்து கிடக்கின்றன என்பது அடையாள அட்டை எடுக்க அலைந்த எல்லோருக்கும் தெரியும். ராமாயி ராமயியாகி, பெருமாள் பெரமாலாகி, தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் ஒன்று, அடுத்த பத்திரத்தில் வேறொன்று. ஆள் செத்தால் செக்றோலில் அந்த வரி நின்றுவிடும். அவ்வளவுதான். வேலை இருந்த வரைக்கும் பேர், வேலை முடிந்தால் பேரும் முடிந்தது.

அங்கிலிக்கன் சபை தோட்டத் தொழிலாளருக்காக 1854இல் ஓர் ஊழியம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. ஆண்டவரிடம் கூட்டிப் போகும்போதும் முதலில் கூலி, பிறகுதான் ஆள்.

பத்திரம் எங்கே?

இதெல்லாம் பழைய கதைதானே, கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படி விட்டுவிட முடியாது. கல்லும் பத்திரமும் இல்லாத விலையைச் சுதந்திரம் கிடைத்த முதல் வருடத்திலேயே கொடுத்தோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால், தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். எதைக் காட்டுவது? லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே? பூட்டன் செத்த நாளை எழுதிய கல் எங்கே? அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946க்கு முன்னால் ஏழு வருடமோ பத்து வருடமோ தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை என்றது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேர் அளவுக்குத்தான்.

நாங்கள் தற்காலிகமாக வந்தவர்கள், பிழைப்பு முடிந்தால் போய்விடுவோம் என்பதுதான் அந்த நாட்களில் மேடைகளில் சொல்லப்பட்ட நியாயம். இங்கேதான் முன்பு சொன்ன விஷயத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். தற்காலிக ஆளுக்கு மயானம் எதற்கு? 1948இல் மலைநாட்டின் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை மண்ணுக்குள் இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்காரர் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? ஆனால் எழுத்து இல்லாத குழியை எந்தக் கந்தோரும் அத்தாட்சியாக எடுக்காது. பொகவந்தலாவை சேர்ச்சில் இருக்கிற கல் மாதிரி, பெயரும் பிறந்த ஊரும் வருடமும் எழுதிய கல் ஒவ்வொரு குழிக்கும் இருந்திருந்தால் சட்டம் மாறியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் வேண்டுமென்றே அப்படிப் போடப்பட்டது. ஆனால் பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரை இரண்டு நாடுகள் பங்கு போட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் ஏறிப் போனவர்களின் கதை நிறையச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் விட்டுவிட்டுப் போன குழிகளின் கதை சொல்லப்படவில்லை. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம், அப்பன் தேயிலைக்கு அடியில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு, தங்கள் பூட்டி கிடக்கும் தோட்டத்தின் பெயரைச் சொல்லவே இப்போது ஆள் இருக்காது.

பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் முடிந்தது. காணிப் பிரச்சினை முடியவில்லை. லயம் எப்படி நமக்குச் சொந்தமில்லையோ, மயானமும் அப்படித்தான். தோட்டக் காணிக்குள் இருக்கும் ஒரு துண்டு. வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் கேட்டுப் போராடும்போது மயானத்துக்கு உறுதி கேட்பது யாருக்கும் தோன்றுவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எல்லோருடைய உடலும் வெளியே எடுக்கப்படவில்லை. அவர்கள் இருந்த வீடே அவர்களுக்குப் புதைகாடானது.

இப்போது என்ன செய்யலாம்?

பொகவந்தலாவையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்து மயானத்துக்கு வீட்டில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது. "இது யாரு, அது யாரு" என்று கேட்பது. பெயர், முறை, எந்த லயம், எந்த மலையில் வேலை செய்தார், எப்படிச் செத்தார், சொல்கிறதை அப்படியே எழுதுவது, குரலையும் போனில் பதிவது. போன் மேப்பில் அந்த இடத்தைக் குறித்து வைப்பது. வருடம் தெரியாவிட்டால், "பஞ்ச காலத்துல", "இந்தியா போற நேரத்துல" என்று சொல்வதையே எழுதிக்கொள்வது. ஆள் சொன்ன பெயரைத் திருத்தாமல், அவர் வாயில் வந்த மாதிரியே தமிழில் எழுதுவது.

முதல் நாள் எங்களுக்கு ஒன்பது பெயர்தான் கிடைத்தது. ஒன்றுக்கு "செவத்தாயா" என்ற பட்டப்பெயர் மட்டும். அவருக்குச் செக்றோலில் என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார் என்று அப்பாயிக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கல்லிலும் இவ்வளவு இருக்காது.

கூட வந்த அப்பாயிக்கு முதலில் எங்கள் வேலை விளங்கவில்லை. "செத்தவங்க பேர வச்சு என்ன பண்ணப்போறீங்க? சம்பளமா போடப் போறாங்க?" என்று கேட்டார். சிரித்தோம். பிறகு அவரே ஒரு மேட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.

சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்ச வருடத்துக்குத்தான் இருப்பார்கள். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள்.